வெளி உபயோகத்துக்கு மட்டும்: காயக்கட்டில் இருக்கும் மருந்து எங்கே போகிறது?

மருந்துக்கடையில் எந்தக் களிம்பு டியூபை வாங்கினாலும் அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். வெளி உபயோகத்துக்கு மட்டும் என்று அர்த்தம். அந்த வரியை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம்? வாயில் போடக்கூடாது, மேலே பூசினால் பயமில்லை, அவ்வளவுதான். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி, தோல் இருக்கிற இடத்தில் மட்டும்தான் சரி. காயம் என்பது தோல் இல்லாத இடம்.

மருந்து சேர்த்த காயக்கட்டு, அதாவது களிம்பு தடவிய காஸ், மருந்து தோய்த்த வலைத்துணி, பவுடர் தூவிப் போடும் கட்டு எல்லாம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது எப்படி என்று கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். அதனால் இது சிகிச்சைக் குறிப்பு இல்லை; டாக்டரிடம் போகும்போது கையில் என்ன தகவலோடு போகலாம் என்பதற்கான குறிப்பு.

நான் இதற்குள் வந்த கதை

நாங்கள் இருப்பது கொடைக்கானல் நாயுடுபுரத்தில். அப்பாவுக்கு 74 வயது, இருபது வருஷமாகச் சர்க்கரை. ஒரு குளிர்காலத்தில் குதிகாலில் வெடிப்பு வந்து, வெடிப்பு புண்ணாகிவிட்டது. மலை ஏறி இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக முடியாது என்பதால் ஒரு நர்ஸ் அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்கே வந்து கட்டு மாற்றினார். சலைனால் கழுவுவது, ஆன்டிபயாட்டிக் பவுடர் தூவுவது, மருந்து தோய்ந்த வலைத்துணியை வைத்து மேலே காஸ் சுற்றுவது. எழுதிக் கொடுத்த மாதிரியே எல்லாம் நடந்தது.

மூன்று வாரம் நல்ல முன்னேற்றம். நாலாவது வாரம் புண்ணைச் சுற்றியிருந்த தோல் சிவந்தது, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், ராத்திரியெல்லாம் அரிப்பு. போய்க் காட்டிய இடத்தில் கிருமித் தொற்று என்றார்கள். மாத்திரை கூடியது. பவுடர் தினமும் ஆனது. அப்புறம் இன்னும் மோசமானது.

கடைசியில் மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டினோம். கட்டைப் பிரித்ததும் அவர் புண்ணை அதிகம் பார்க்கவில்லை. சுற்றியிருந்த சிவப்பின் ஓரத்தைத்தான் பார்த்தார். "ஐயா, கிருமி இப்படி ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி சதுரமாப் பரவாது. இது நீங்க வச்ச துணியோட அளவு" என்றார்.

மருந்துக் கட்டு அத்தனையும் நிறுத்தி, வெறும் சலைனும் மருந்தில்லாத பாரஃபின் வலைத்துணியும் போட்டோம். பத்து நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிட்டன. தோல் ஆறியபிறகு செய்த ஒட்டுப் பரிசோதனையில் நியோமைசின் ஒவ்வாமை என்று தெரிந்தது. புண் மூட அதற்குப் பிறகும் மூன்று மாதம் ஆனது. அது சர்க்கரையின் கணக்கு. ஆனால் நடுவில் போன வாரங்கள் சர்க்கரையால் போகவில்லை. சந்தேகம் கிருமி மேல் இருந்தவரை, புண் மோசமாக ஆக மருந்தைக் கூட்டினார்கள். மருந்து கூடக்கூடப் புண் மோசமானது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த மாதிரிச் சுழல் பழக்கம். வெளியே வருவதற்கான நிபந்தனை எழுதப்படாத லூப்.

பதினைந்து மைக்ரான் சுவர்

நம் தோலின் மேல் அடுக்கு இறந்த செல்களால் ஆனது. உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் கனம் பத்திலிருந்து இருபது மைக்ரான். சாதாரண எழுதும் தாளின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே இருப்பதை வெளியே நிறுத்துவது பெரும்பாலும் இந்த அடுக்குதான். செல்களுக்கு நடுவே கொழுப்பு பூசி, செங்கல் சுவர் மாதிரி அடுக்கியிருக்கும்.

மருந்து ஆராய்ச்சியில் ஒரு நடைமுறை விதி உண்டு. மூலக்கூறு எடை 500க்கு மேல் போனால் அந்தப் பொருள் முழுத் தோல் வழியே உள்ளே போவது ரொம்பக் கஷ்டம். நியோமைசினின் எடை சுமார் 614. அதாவது நல்ல தோலில் பூசினால் ரத்தத்துக்கு அநேகமாகப் போகாது. அதே மருந்தைத் தீக்காயத்திலோ, தோல் உரிந்த பெரிய புண்ணிலோ போட்டால் அங்கே சுவரே இல்லை. கீழே இருப்பது ரத்தக்குழாய் நிறைந்த ஈரமான சதை. நேரே உள்ளே போகும். நியோமைசின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடிய வகையைச் சேர்ந்தது. பெரிய காயங்களை நியோமைசின் கரைசலால் கழுவியதில் நோயாளிகளுக்குக் காது கேட்காமல் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஊசியும் போடவில்லை, மாத்திரையும் கொடுக்கவில்லை. கழுவியதுதான்.

ஆகவே கட்டில் இருக்கும் மருந்துக்கும் டோஸ் உண்டு. மாத்திரைக்கு 500 மில்லிகிராம் என்று அட்டையில் எழுதியிருக்கும். கட்டுக்கு அப்படி யாரும் எழுதுவதில்லை. காயத்தின் பரப்பு, மருந்தின் செறிவு, எத்தனை தடவை, எத்தனை நாள் என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் டோஸ் தெரியும். அதோடு ஐந்தாவதாக ஒன்று: உள்ளே போனதை வெளியேற்ற சிறுநீரகம் எப்படி இருக்கிறது? நீண்ட நாள் கட்டு போடுகிறவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகள். சர்க்கரை நோயாளிகளில் பலருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம். யாருக்கு அதிகமாக உள்ளே போகிறதோ அவருக்கே வெளியே போவது குறைவு.

பழைய பாடம், மறுபடி மறுபடி

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. மருந்துக் கட்டு என்ற யோசனை பிறந்த கையோடு பிறந்த பிரச்சினை.

1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்த 11 வயதுப் பையனுக்கு, ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியால் கட்டுப் போட்டார். அந்தக் காலத்தில் எலும்பு வெளியே தெரிந்தால் காலை வெட்டி எடுப்பதுதான் வழக்கம். பையனுக்குக் கால் பிழைத்தது. 1867இல் லிஸ்டர் முடிவுகளை வெளியிட்டார். அறுவை சிகிச்சையின் வரலாறே மாறியது. ஆனால் கார்பாலிக் கட்டு பரவிய இடங்களில் இன்னொன்றும் தென்பட்டது. சில நோயாளிகளின் சிறுநீர் கரும்பச்சையாகப் போனது. காயம் வழியே ஃபீனால் ரத்தத்துக்குப் போய், உடம்பு அதை மாற்றி வெளியே தள்ளிய நிறம் அது. குழந்தைகள் உட்படச் சிலர் செத்தும் போனார்கள்.

அடுத்து வந்தது பாதரசம். 1881இல் ராபர்ட் கோஹ் பாதரசக் குளோரைடு கிருமிகளை நன்றாகக் கொல்கிறது என்று காட்டினார். நம் சித்த மருத்துவத்தில் சவ்வீரம் என்று சொல்கிற அதே பொருள். உடனே சவ்வீரம் தோய்த்த காஸ் ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் வந்தது. அதோடு ரத்தக் கழிச்சலும் சிறுநீரகச் செயலிழப்பும் வந்தன. எங்கள் ஊரில் பாதரசத்தைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2001இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி மலையாகக் கிடந்தது வெளியே வந்து, தொழிற்சாலை மூடப்பட்டதிலிருந்து அந்த வார்த்தை இங்கே வேறு எடை உள்ளது. அங்கே மூச்சு வழியாகப் போனது. சவ்வீரக் கட்டில் காயம் வழியாகப் போனது. போகிற வழி எதுவாக இருந்தாலும் சிறுநீரகத்துக்கு அது பாதரசம்தான். நம்மில் பலர் சின்ன வயதில் முட்டியில் தடவிக்கொண்ட சிவப்பு மருந்து, மெர்க்குரோகுரோம், அதுவும் பாதரசச் சேர்மமே. சின்னச் சிராய்ப்பில் ஒரு சொட்டு என்பதால் நமக்கு ஒன்றும் ஆகவில்லை. டோஸ் குறைவு, பொருள் மாறவில்லை.

அதே 1880களில் வியன்னாவின் மோசெட்டிக்-மூர்ஹோஃப் அயடோஃபார்ம் என்ற மஞ்சள் பவுடரைப் புண்ணுக்குள் நிரப்பிக் கட்டும் முறையைப் பரப்பினார். எடையில் சுமார் 97 சதவீதம் அயோடின். சீக்கிரமே விசித்திரமான செய்திகள் வந்தன. புண் நன்றாக ஆறுகிறது, ஆனால் நோயாளி தூங்கவில்லை, சாப்பாடு வேண்டாம் என்கிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார், நாடி வேகமாக ஓடுகிறது. குறிப்பாக வயதானவர்கள்.

அயடோஃபார்ம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். முதல் உலகப்போர் நடந்த 1916இல் ரதர்ஃபோர்டு மோரிசன் அதோடு பிஸ்மத்தும் பாரஃபினும் சேர்த்து ஒரு பசை உருவாக்கினார். சுருக்கப் பெயர் பிப். காது, மூக்கு, தாடை அறுவை சிகிச்சைகளில் குழியை அடைக்கும் துணியில் இன்றும் தடவுகிறார்கள். இந்தியாவிலும்தான். பெரும்பாலானவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அரிதாகச் சிலருக்குக் குழப்பம், நடுக்கம், தடுமாற்றம். வயதானவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு புத்தி தடுமாறினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "வயசாச்சு, மயக்க மருந்து ஒத்துக்கலை." மூக்குக்குள் வைத்த துணி யாருக்கும் ஞாபகம் வராது. காரணம் அதுவாக இருந்தால், வெளியே எடுத்தபின் பலர் தெளிந்துவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

இன்று நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் பொவிடோன்-அயோடினை எடுத்துக்கொள்வோம். நல்ல மருந்து, அதைப் பயமுறுத்த இந்தக் கணக்கைப் போடவில்லை. 10 சதவீதக் கரைசலில் கிடைக்கக்கூடிய அயோடின் 1 சதவீதம். ஆக ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். வகுத்துப் பாருங்கள்: ஒரு மில்லி கரைசலில் அறுபத்தாறு நாள் தேவை இருக்கிறது.

எல்லாமே உள்ளே போகாதுதான். பெரிய புண்ணில் 10 மில்லி ஊற்றிக் கட்டி, அதில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே போனதாக வைத்துக்கொண்டாலும் ஆயிரம் மைக்ரோகிராம். அன்றாடத் தேவையைப் போல ஆறு ஏழு மடங்கு. தைராய்டு நன்றாக இருப்பவர் சில நாள் தாங்கிக்கொள்வார். கழுத்தில் பழைய கழலை இருக்கிற பாட்டிக்கு, தைராய்டு சிக்கல் இருக்கிறவருக்கு, பிறந்த குழந்தைக்கு, மாதக்கணக்கில் தினமும் என்றால் கதை வேறு. தைராய்டு மந்தமாகலாம், எதிர்மாறாக வேகமும் எடுக்கலாம். பெரிய தீக்காயங்களில் பொவிடோன்-அயோடின் பூசியதில் அயோடின் ரத்தத்தில் ஏறி, ரத்தம் அமிலமாகிய நிகழ்வுகள் 1976லேயே லான்செட் இதழில் வந்துவிட்டன.

வெள்ளியும் இப்படித்தான். 1968இல் அறிமுகமான சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு எத்தனையோ தீக்காய நோயாளிகளைக் காப்பாற்றியது. ஆனால் பெரிய பரப்பில் பூசினால் சல்ஃபா மருந்து, மாத்திரை சாப்பிட்ட அளவுக்கே ரத்தத்தில் ஏறக்கூடும். அதனால்தான் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், பிரசவம் நெருங்கிய பெண்கள், இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் என்று அதற்கு விலக்குப் பட்டியல் இருக்கிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலிருந்து 2006இல் வந்த ஓர் அறிக்கையில், 30 சதவீதத் தீக்காயம் பட்ட 17 வயதுப் பையனுக்கு வெள்ளி பூசிய நவீனக் கட்டு போட்ட ஒரு வாரத்தில் முகம் சாம்பல் நிறமாகி, கல்லீரல் நொதிகள் ஏறின. கட்டை எடுத்ததும் இறங்கின.

குழந்தைகளுக்கு இன்னொரு கணக்கு. எடையோடு ஒப்பிட்டால் பச்சைக்குழந்தையின் தோல் பரப்பு பெரியவரைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். கேரம் போர்டில் தூவுகிறோமே போரிக் பவுடர், அதை ஒரு காலத்தில் குழந்தைகளின் புண்பட்ட இடுக்குகளில் தாராளமாகத் தூவினார்கள். தோல் வெந்திருந்த குழந்தைகள் சிலர் அதனால் இறந்த பிறகுதான் வழக்கம் மாறியது.

மருந்து மட்டும் இல்லை, அதைச் சுமக்கிற பொருளும்

களிம்பு என்றால் மருந்து ஒரு சதவீதம், மீதி 99 சதவீதம் வேறு ஏதோ. அந்த ஏதோவை யார் கவனிக்கிறார்கள்?

1982இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவர்கள், தீக்காயத்தால் சேர்ந்த சில நோயாளிகளின் சிறுநீரகம் ஏன் பழுதானது என்று தேடினார்கள். குற்றவாளி கிருமிக்கொல்லி இல்லை. களிம்பின் அடிப்பொருளான பாலிஎத்திலீன் கிளைக்கால். நல்ல தோலில் எந்தத் தொந்தரவும் தராத வழவழப்பான பொருள். வெந்த சதை வழியே லேசில் உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்திருந்தது. நைட்ரோஃபுராசோன் களிம்புக்கும், பல பொவிடோன்-அயோடின் களிம்புகளுக்கும் அடிப்பொருள் இதுதான். லேபிளில் மேக்ரோகால் என்றும் எழுதியிருக்கும். கையளவுப் புண்ணுக்கு இது கவலை இல்லை. பெரிய தீக்காயமும் பழுதான சிறுநீரகமும் ஒன்றாக இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

வலைத்துணிகள் சிலவற்றில் சேர்க்கிற லானோலின் இன்னொன்று. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு. கால் புண் நாள்பட்டவர்களிடம் இதற்கு ஒவ்வாமை வருவது தோல் மருத்துவர்களுக்குப் பழைய செய்தி.

ஒரே ஆள், இரண்டு பெயர்

இதுவரை சொன்னது நஞ்சு: அளவு கூடினால் யாருக்கும் வரும். ஒவ்வாமை வேறு ரகம். அளவு முக்கியமில்லை; உடம்பு அந்தப் பொருளை எதிரி என்று ஒரு தடவை மனப்பாடம் செய்துவிட்டால் போதும், பிறகு துளி பட்டாலும் சண்டைக்கு வரும்.

இந்தியாவில் இது எவ்வளவு பரவலானது என்பதை 1980களிலேயே டெல்லியிலும் அலகாபாத்திலும் தோல் மருத்துவர்கள் ஒட்டுப் பரிசோதனை செய்து எழுதினார்கள். மேல்பூச்சு மருந்துகளில் நைட்ரோஃபுராசோனும் நியோமைசினும் அடிக்கடி சிக்கிய பெயர்கள். 2010இல் அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமைச் சங்கம் 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று நியோமைசினைத்தான் தேர்ந்தெடுத்தது. நம் நாட்டில் இது பவுடரில், களிம்பில், கண்மருந்தில், காதுச் சொட்டுமருந்தில் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் 'என்' சேர்த்து வரும் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றில் அந்த 'என்' நியோமைசின். ஆக, அரிப்புக்கு என்று பூசுவதிலேயே அரிப்புக்கான காரணம் இருக்கலாம். கூடவே ஸ்டீராய்டு இருப்பதால் கொஞ்ச நாள் அடங்கி, நிறுத்தினதும் திரும்ப வரும்.

இங்கே ஒரு பொறி. நியோமைசின் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்து பலர் மாற்றுவது ஃப்ரமைசெட்டினுக்கு. ஆனால் ஃப்ரமைசெட்டின் என்பது நியோமைசின்-பி. நியோமைசினின் முக்கியப் பகுதியே அதுதான். ஆள் ஒன்றே, பெயர்தான் வேறு. கடையில் இரண்டு டியூபும் வேறு வேறு நிறத்தில், வேறு வேறு பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். டியூபின் பெரிய எழுத்துப் பெயரைப் பார்க்காமல், கீழே பொடி எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

மூன்றாவது ரகம் அரிது, ஆனால் நிமிஷங்களில் முடிவு தெரிந்துவிடும்: அதிர்ச்சி ஒவ்வாமை. குளோர்ஹெக்சிடின் தோய்த்த வலைத்துணியும் கரைசலும் உலகம் முழுக்கப் புழங்குகின்றன, பெரும்பாலும் பத்திரமாக. ஆனால் 1984லேயே ஜப்பான் அரசு சளிச்சவ்வுகளில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்தது. கட்டுப் போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் அது அவசரம். கட்டைப் பிரித்து, கழுவி, 108ஐக் கூப்பிட வேண்டும். வேறு யோசனையே வேண்டாம்.

நாட்டு மருந்து என்றால்?

"இங்கிலீஷ் மருந்தே இப்படித்தான்" என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். சித்த மருத்துவத்தில் புண்ணுக்குப் பெயர்பெற்ற மத்தன் தைலம் ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு சேர்த்துக் காய்ச்சுவது. ஆறாத புண்ணுக்குச் சித்த மருத்துவர்கள் இதில் காஸ் நனைத்துக் கட்டுகிறார்கள். துருசு என்பது தாமிர சல்ஃபேட். தீயாக எரியும் பாஸ்பரஸ் பட்ட காயத்தை அதே தாமிர சல்ஃபேட் கரைசலால் கழுவியபோது, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து நோயாளிகள் ஆபத்தில் சிக்கியது 1960களில் பதிவானது; பிறகு அந்தப் பழக்கமே கைவிடப்பட்டது. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. தைலத்தில் அளவு வேறு, எண்ணெயில் இருக்கிறது, சின்னப் புண்ணில் போடுவது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் அதே ஐந்து: எவ்வளவு பரப்பு, என்ன செறிவு, எத்தனை தடவை, எத்தனை நாள், சிறுநீரகம் எப்படி? பாட்டன் காலத்து மருந்து என்பதால் காயத்தில் புதுச் சுவர் முளைத்துவிடாது.

எதைக் கவனிக்கலாம்

படித்ததிலிருந்து நான் வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் குறிப்பைச் சுருக்கமாகத் தருகிறேன்.

சிவப்பின் வடிவத்தைப் பாருங்கள். கட்டின் அளவுக்கே, நேர்க்கோட்டு ஓரத்தோடு, பிளாஸ்திரி ஒட்டிய இடம் வரை இருந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். கிருமித் தொற்று பெரும்பாலும் ஒழுங்கற்றுப் பரவும்.

அரிப்பா, வலியா என்று கேளுங்கள். ஒவ்வாமையில் அரிப்பு முன்னால் நிற்கும். தொற்றில் வலி, சூடு, சீழ், காய்ச்சல். ஒரு எச்சரிக்கை: சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு இரண்டுமே தெரியாமல் போகலாம். அவருக்குக் கண்தான் சாட்சி. இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதனால் நீங்களே முடிவு கட்டி ஆன்டிபயாட்டிக் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சந்தேகத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்.

காலக்கணக்கும் உதவும். தொடர்பு ஒவ்வாமை புதிதாக உருவாக ஒரு வாரத்திலிருந்து பல வாரம் ஆகும். ஏற்கெனவே இருந்தால் ஓரிரு நாளில் தெரியும். "இத்தனை நாள் இதே மருந்துதானே போட்டோம், ஒன்றும் ஆகலையே" என்ற வாதம் இதனால்தான் செல்லாது.

ஒட்டுப் பரிசோதனை செய்தால், நியோமைசினுக்கு ஒரு வாரம் கழித்தும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இது தாமதமாகக் கையைத் தூக்குகிற ஆசாமி.

பெரிய காயத்துக்கு மருந்துக் கட்டு போட்டிருக்கும்போது குழப்பம், தூக்கமின்மை, படபடப்பு, காதில் இரைச்சல், சிறுநீர் குறைவது அல்லது நிறம் மாறுவது, தோல் சாம்பலாவது ஆகியவற்றில் எது வந்தாலும், கட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கடைசியாக, நான் முக்கியம் என்று நினைப்பது. எந்த டாக்டரும் முதலில் கேட்பது "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்றுதான். கேள்வியிலேயே 'சாப்பிடுறீங்க' இருக்கிறது. நாமும் மாத்திரைகளை மட்டும் சொல்கிறோம். கட்டில் இருப்பது அந்தப் பட்டியலில் ஏறுவதே இல்லை. கட்டு மாற்றுகிறவர் ஒருத்தர், மாத்திரை எழுதுகிறவர் இன்னொருத்தர், மருந்து வாங்குவது வீட்டில் மூன்றாவது ஆள். மலையில் இருக்கும் எங்களுக்கு இது இன்னும் சிக்கல். மதுரை 120 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை போகிறவர் கையில் எழுதி வைத்த தாள் இல்லையென்றால் நடுவில் இருபது கட்டில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, காயத்தில் என்ன போட்டோம் என்பதன் வேதிப்பெயர், சுற்றித் தோல் எப்படி இருக்கிறது. ஒவ்வொரு கட்டையும் பிரித்ததும் செல்போனில் ஒரு படம்.

எங்கே சொல்வது

ஒத்துக்கொள்ளாமல் போனதைப் பதிவு செய்ய இந்தியாவில் இடம் இருக்கிறது. 2010இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையத்திலிருந்து நடக்கிறது. கட்டணமில்லா எண் 1800-180-3024. டாக்டர் மட்டுமல்ல, நோயாளியும் வீட்டாரும் சொல்லலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு. மருத்துவக் கருவிகளுக்கென்று 2015இல் தனித் திட்டமும் வந்தது. மருந்து தோய்த்த கட்டு மருந்தா, கருவியா? இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சாமான். அது உங்கள் கவலை இல்லை. எதில் சொன்னாலும் பொறுப்பு அந்த ஆணையத்துடையதுதான்.

அப்பாவின் கால் பற்றிய படிவத்தை நானே நிரப்பி அனுப்பினேன். அரை மணி நேர வேலை. சுருட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டியிலிருந்து பேட்ச் எண்ணைப் பார்த்து எழுதினேன். இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டென்றால், வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து ஒவ்வொரு டியூபின் பொடி எழுத்தையும் படித்துப் பாருங்கள். நியோமைசின், ஃப்ரமைசெட்டின், நைட்ரோஃபுராசோன், பொவிடோன்-அயோடின், சில்வர் சல்ஃபாடயசின். எது எது இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி டப்பாவின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை டாக்டர் "என்ன மருந்து?" என்று கேட்கும்போது, சாப்பிடுவதோடு பூசுவதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.